எழுபத்து மூன்றாம் எண் விடைத்தாள்

மலையூரான சோம்பாவின் சந்தையில் டோரிகா நான்க்வென்யா தக்காளி வாங்குவதைப் பார்க்க வேண்டும். குவியலின் மேலே அடுக்கியிருக்கும் நான்கு நல்ல பழங்களை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அடியில் கிடப்பதை ஒவ்வொன்றாகத் திருப்புவார். விற்கிற பெண்கள் அவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார்கள். "கணக்கு டீச்சர் வர்றாங்க, அழுகினத எடுத்து உள்ள வைங்கடி" என்று ஒருத்தி சொல்வாள். அது டோரிகாவின் காதிலும் விழும். விழுந்தால் அவருக்கு வருத்தமில்லை. அழுகினதை எடுத்து உள்ளே வைத்தால் சரி.

கணவர் ஜைலோசி மலைமேல் வனத்துறை நாற்றங்காலில் பைன் கன்று வளர்க்கிறவர். பேச்சில் கொஞ்சம் குறும்பு உண்டு. "கட்டிக்கிட்டு இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. இன்னும் என்ன முதல் திருத்தத்துலதான் வச்சிருக்கா. ரெண்டாவது ஆள் வந்து பாத்தப்புறந்தான் எனக்கு மார்க்கு" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். டோரிகா சிரிக்க மாட்டார். "ரெண்டாவது ஆள் பாத்தா உனக்கு இன்னும் கொறையும்" என்பார்.

மலோசாவில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தபோது டோரிகாவுக்குத் தெரிந்த கணக்கு பின்னம் வரைக்கும்தான். மற்றதெல்லாம் தபாலில் கற்றது. பாடத்தாள் வரும். விடை எழுதி அனுப்பினால் ஆறு வாரம் கழித்து சிவப்பு மையில் திருத்தி வரும். ஒருமுறை சரியான விடையைத் தப்பு என்று அடித்து அனுப்பியிருந்தார்கள். டோரிகா அதே விடையை, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், புதுத் தாளில் எழுதி மறுபடி அனுப்பினார். இந்த முறை முழு மதிப்பெண் வந்தது. இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டு வைத்துக்கொண்டார். திருத்துகிறவனும் ஆள்தான், அவனுக்கும் பசிக்கும், பஸ்ஸுக்கு நேரமாகும் என்பது அன்றைக்கு அவருக்குத் தெளிவாகிவிட்டது.

அப்படிப்பட்டவர் திருத்துகிறவராகவே ஆனார். தெற்கு வட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கான கணிதப் போட்டியில் பத்தொன்பது வருடங்களாக விடைத்தாள் திருத்தினார். அங்கே குளிர்காலமான ஜூன் மாதம், சிப்பெரோனி என்கிற குளிர்த் தூறல் மலையைப் போர்த்திக்கொண்டு நாள் கணக்கில் விடாமல் கிடக்கும்போதுதான் இறுதிச் சுற்றுத் தாள்கள் வரும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கூடத்தில் பன்னிரண்டு பேர் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து நான்கு நாள் திருத்துவார்கள்.

ஆறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஏழு மதிப்பெண். தாளில் பெயரோ பள்ளியோ இருக்காது, எண் மட்டும்தான். ஒரு கேள்விக்கு இரண்டு பேர். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. இருவரும் தனித்தனிச் சீட்டில் மதிப்பெண் எழுதி, மடித்து, பால்மாவு டப்பாவின் மூடியில் வெட்டிய துளை வழியே உள்ளே போட வேண்டும். தலைவர் இரண்டு சீட்டையும் பிரித்துப் பார்ப்பார். ஒன்றாக இருந்தால் அதுவே மதிப்பெண். ஒன்று வித்தியாசம் என்றால் சரிபாதி, யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. இரண்டோ அதற்கு மேலோ என்றால் இருவரும் தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

மொத்தத்தில் முதல் ஆறு பேர் தலைநகர் முகாமுக்குப் போவார்கள். மூன்று வாரம் பயிற்சி. அதிலிருந்துதான் நாட்டுக்கான அணி. ஏழாவது ஆளுக்கு ஒரு சான்றிதழ், ஒரு பேனா.

இந்த டப்பாவும் சீட்டும் டோரிகா கொண்டுவந்தவை. அவர் திருத்த வந்த இரண்டாம் வருடம் கூட்டாளியாக இருந்தவர் நல்ல பேச்சுக்காரர். இருவரும் ஒரே தாளின் ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுதிய காலம் அது. தன் பள்ளிப் பிள்ளைகளின் கையெழுத்து அவருக்குத் தெரியும். அவர்களுக்கெல்லாம் ஒன்றோ இரண்டோ கூடவே போட்டார். அவர் போட்டதைப் பார்த்து, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, டோரிகாவும் அதையே போட்டுக் கையெழுத்திட்டார். விஷயம் வெளியே வந்தபோது, போக வேண்டிய பிள்ளைகள் இருவர் முகாமுக்குப் போகாமலே பள்ளியை முடித்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் தன் கையெழுத்து இருப்பதை டோரிகா மறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த கூட்டாளிகள் எல்லோரையும் அவர் தக்காளிக் குவியல் போலத்தான் பார்த்தார்.

இந்த வருடம் நாலாம் கேள்விக்கு அவரோடு போட்டிருந்தது வைசன் மட்டேவேரேயை. மங்கோச்சி ஏரிக்கரைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், திருத்த வருவது முதல் தடவை. பையில் உசிப்பா என்ற பொடிமீன் கருவாடு கொண்டுவந்திருந்தார். கூடம் முழுக்க அதன் வாசனை.

"என்ன தம்பி, கணக்குத் திருத்த வந்தியா, கருவாட்டுக் கடை போட வந்தியா?" என்றார் அடுத்த மேசை லக்சன் சிக்கும்பு.

"ரெண்டும்தாண்ணே. கணக்கு போணியாகலன்னா கருவாடாவது போகும்" என்றார் வைசன்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பேச்சுக்காரன் என்று டோரிகா மனதில் குறித்துக்கொண்டார்.

முதல் நாள் சாயங்காலம் தலைவர் பெர்னார்ட் கபிச்சி சீட்டுகளைப் பிரித்துச் சரிபார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு வந்தார். "நாலாம் கேள்வில அம்பத்து நாலு தாள். அம்பத்து நாலும் ஒண்ணு. ஒரு மார்க்குக்கூட மாறல. இந்தக் கூடத்துல இது நடந்ததே இல்ல!" என்றார். சிலர் கைதட்டினார்கள். வைசன் எழுந்து நின்று குனிந்து வணக்கம் போட்டார்.

டோரிகா கைதட்டவில்லை. அவருக்கு வாய்த்ததிலேயே சிறந்த கூட்டாளியோடுகூடப் பத்துத் தாளுக்கு ஒன்று மாறும். ஏழு போட ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, சுழியம் போடவும் வேண்டியதில்லை. நாலா ஐந்தா என்பதில்தான் திருத்துகிறவர்கள் அடித்துக்கொள்வார்கள். ஐம்பத்து நாலில் ஒரு நாலு ஐந்தாகவில்லை, ஒரு ஐந்து நாலாகவில்லை என்றால், ஒரு ஆள்தான் திருத்தியிருக்கிறார். இன்னொருவர் பார்த்து எழுதியிருக்கிறார்.

இரண்டாம் நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சன்னல் கண்ணாடியில் தன் கை தெரிகிறதா என்று பார்த்தார். குறிப்பேட்டை இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.

"குளிருதா டீச்சரம்மா? வேணும்னா நான் அந்தப் பக்கம் வந்து ஒக்காந்துக்கறேன்" என்றார் வைசன்.

"நீ இருக்கற எடத்துலயே இரு தம்பி. எனக்கு இந்த வெளிச்சம் போதும்."

தேநீருக்கு எழுந்து போகுமுன் குறிப்பேட்டின் பக்கங்களுக்கு நடுவே சுற்றாடையிலிருந்து உருவிய நூலிழை ஒன்றை வைத்தார். தின்ற மண்டாசிப் பணியாரம் பாதி தொண்டையில் இருக்கும்போதே திரும்பி வந்து பார்த்தார். நூல் வைத்த இடத்திலேயே இருந்தது. அதிலும் அவருக்குச் சமாதானமில்லை. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்திருக்கலாம்.

சாயங்காலம் கபிச்சி வந்தார். இன்னும் அறுபது தாள். அறுபதும் ஒன்று.

தாள்கள் எண் வரிசையில் வருவதில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுபத்து மூன்றாம் எண் தாள் கைக்கு வந்தது.

நாலாம் கேள்வி இதுதான்: கரும்பலகையில் 1 முதல் 50 வரை எண்கள் இருக்கின்றன. எவையேனும் இரண்டை அழித்துவிட்டு அவற்றின் வித்தியாசத்தை எழுத வேண்டும். இப்படியே செய்துகொண்டு போனால் கடைசியில் ஒரே ஒரு எண் மிஞ்சும். அது இரட்டைப்படையாக இருக்க முடியாது என்று நிறுவ வேண்டும்.

எழுபத்து மூன்று இப்படி எழுதியிருந்தது: "ஐம்பது கிண்ணம் வைத்துக்கொள்கிறேன். முதல் கிண்ணத்தில் ஒரு நிலக்கடலை, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஐம்பது வரை. வித்தியாசம் எடுப்பது என்றால், இரண்டு கிண்ணத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கடலையாக எடுத்துத் தின்பது, ஒரு கிண்ணம் காலியாகும் வரை. மற்றதில் மிஞ்சுவதுதான் வித்தியாசம். ஆகவே நான் எப்போதும் ஜோடியாகத்தான் தின்கிறேன். மொத்தக் கடலை 1275. அதிலிருந்து ஜோடி ஜோடியாகத் தின்றால் மிஞ்சுவது ஒருநாளும் இரட்டையாகாது."

அவ்வளவுதான். கீழே ஒரு கோடு.

டோரிகா மூன்று தடவை படித்தார். ஓட்டை இல்லை. அவரே வகுத்த விடைக்குறிப்பு ஒரு பக்கம் நீளம், இது ஏழு வரி. ஏழு மதிப்பெண்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நிதானமாகப் படிக்கிறவர் இதற்கு ஏழு போடுவார். சூத்திரம் எங்கே, கடலைக் கதை எதற்கு என்று அவசரப்படுகிறவர் மூன்று போடுவார். ஆறு யாருக்கும் வராது. ஆறு என்றால் ஒரு சின்னக் கீறல் இருக்க வேண்டும், இதில் கீறல் இல்லை. ஆகவே தான் ஆறு என்று எழுதி, வைசன் சீட்டிலும் ஆறு இருந்தால், அது பார்த்து எழுதியது. வேறு வழியே இல்லை.

கையை மறைக்காமல், குறிப்பேட்டை மேசை நடுவில் திறந்து வைத்து, ஆறு என்று எழுதினார். சீட்டிலும் ஆறு. மடித்து டப்பாவில் போட்டார். மூன்று மணிக்குமேல்தான் கபிச்சி டப்பாவை எடுப்பார். அதற்குள் அவரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொல்லிவிடலாம், இரண்டு சீட்டையும் அவர் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லலாம், பிறகு ஏழு என்று திருத்திக்கொள்ளலாம் என்பது கணக்கு.

பன்னிரண்டு மணிக்கே கபிச்சி வந்து நின்றார். "ஒரு மணிக்கு கரண்ட் போகுதாம், சாயங்காலம் வரைக்கும் வராதாம். மழையில இருட்டிக்கிட்டு வேற இருக்கு. டப்பாவெல்லாம் குடுங்க, இருக்கற வெளிச்சத்துல பிரிச்சு எழுதிடறேன்" என்று ஆறு டப்பாவையும் தட்டில் அடுக்கிக்கொண்டு போனார். டோரிகா வாயைத் திறந்தார். எதிரே வைசன் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். போனால் ஒரு மதிப்பெண்தானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

நாலாம் நாள் காலை கூடத்துக்குள் நுழைந்ததுமே கபிச்சி கேலி செய்தார். "நூத்தி அறுபத்து ரெண்டு தாள்ல ஒண்ணே ஒண்ணு மாறிடுச்சு டீச்சர். எழுபத்து மூணு. நீங்க ஆறு, அவர் ஏழு. ஆறரைன்னு போட்டுட்டேன். கண்ணு பட்டுடுச்சு போல!"

டோரிகா தலையாட்டினார். நாற்காலியில் உட்காருமுன்னே வைசன் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டீச்சரம்மா, அந்தக் கடலைக் கணக்குக்கு ஏன் ஆறு போட்டீங்க? தலைவர் சொன்னதுலேர்ந்து அதையேதான் யோசிக்கிறேன். எங்க ஓட்டைன்னு எனக்குப் பிடிபடவே இல்ல. ஒரு கிண்ணம் காலியா இருந்தா என்ன ஆகும்கறதா?"

"அது இல்ல."

"ரெண்டு கிண்ணத்துலயும் ஒரே அளவு இருந்தா சுழியம் வரும்னு சொல்லலையே, அதுவா?"

"அதுவும் இல்ல தம்பி. சும்மா இரு."

"கோச்சுக்காதீங்க. எங்கிட்டதான் தப்பு இருக்கும். தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்."

தன் ஏழில் தப்பு இருக்கும் என்று அந்த ஆள் நம்பிக்கொண்டிருந்தது டோரிகாவுக்குத் தாங்கவில்லை. பேச்சை மாற்றுகிற மாதிரி, ஆனால் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டி, கேட்டார்: "மத்த நூத்தி அறுபத்து ஒண்ணு எப்படி ஒண்ணா வந்துச்சு?"

வைசன் விழித்தார். "வராம? நான் வரும்போதே எல்லாரும் பயமுறுத்தித்தான் அனுப்புனாங்க. அந்தம்மா கூடவா போட்டிருக்காங்க, ஒரு மார்க்கு மாறுனா ஒன்ன உரிச்சுத் தொங்க விட்டுருவாங்கன்னு. ஒவ்வொரு தாளையும் உங்க விடைக்குறிப்ப வரி வரியா வச்சு மூணு தடவ பாத்தேன். கண்ணே பூத்துப்போச்சு."

அதை நம்புவதா வேண்டாமா என்று டோரிகா ஒரு கணம் யோசித்தார். பழக்கம் விடவில்லை. ஆனால் மற்ற மேசைகளைவிட நாலாம் கேள்வி ஒன்றரை மணி நேரம் பின்தங்கியே போனதும், தான் முடித்துவிட்டு இவனுக்காகக் காத்திருந்து எரிச்சல்பட்டதும் நினைவுக்கு வந்தன. பார்த்து எழுதுகிறவனுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

பத்து மணிக்குக் கபிச்சி மொத்த மதிப்பெண்களைக் கரும்பலகையில் எழுதினார். எண்கள் மட்டும். கூட்டல் சரியா என்று பன்னிரண்டு பேரும் பார்ப்பார்கள். பதினொரு மணிக்கு எண்ணுக்கு உரிய பெயர்கள் இருக்கும் உறை பிரிக்கப்படும். பிரித்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த மதிப்பெண்ணும் மாறாது.

முதல் ஐந்து எண்களில் சிக்கல் இல்லை. ஆறாவது இடத்தில் இரண்டு எண்கள் இருந்தன. நூற்றுப் பதினெட்டு, முப்பதரை. எழுபத்து மூன்று, முப்பதரை. சமமாக வந்தால் முழு ஏழு எத்தனை கேள்வியில் என்று பார்ப்பது விதி. நூற்றுப் பதினெட்டுக்கு மூன்று ஏழு. எழுபத்து மூன்றுக்கு இரண்டு. கபிச்சி நூற்றுப் பதினெட்டுக்குக் கீழே கோடு கிழித்தார். எழுபத்து மூன்று கோட்டுக்குக் கீழே போனது.

டோரிகா கணக்குப் போட்டார். போட வேண்டியதே இல்லை, இருந்தும் போட்டார். ஏழு போட்டிருந்தால் முப்பத்தொன்று. முழு ஏழும் மூன்று. கோட்டுக்கு மேலே.

இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் இருந்தது. டப்பாவுக்குள் போன சீட்டை மாற்ற விரும்புகிறவர் உறை பிரிக்குமுன் எல்லோர் முன்னும் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அது பதிவேட்டில் ஏறும். அடுத்த விதியும் அவருக்கு மனப்பாடம்: தெரிந்தே பொய் மதிப்பெண் போட்டவர் மறுபடி இந்தக் கூடத்தில் திருத்தக் கூடாது. இரண்டையும் எழுதக் கேட்டு, மறுத்தவர்களோடு சண்டை போட்டு வாங்கியவர் அவரேதான்.

பத்து இருபத்தைந்துக்கு எழுந்து நின்றார்.

"எழுபத்து மூணு, நாலாம் கேள்வி. என் சீட்டுல ஆறுன்னு இருக்கு. அது ஏழா இருக்கணும்."

முதலில் பேசியது சிக்கும்பு. "பலகையில கோடு போட்டப்புறமா டீச்சர் ஞாபகம் வந்துச்சு?"

"ஆமா. இப்பத்தான் சொல்றேன். நேத்தே சொல்லியிருக்கணும்."

"எந்த ஸ்கூல் புள்ள அது?"

"தெரியாது."

"தெரியாமலா இவ்வளவு அக்கறை? நானும் பதினோரு வருஷமா இங்க வர்றேன். ஒரு தடவகூட நீங்க மார்க்கக் கூட்டிக் கேட்டதில்ல."

பத்தொன்பது வருடம் மற்றவர்களைப் பார்த்த அதே பார்வையை இன்று பதினோரு பேர் தன்மேல் வைப்பதை டோரிகா பார்த்தார். சிக்கும்பு கேட்டது நியாயமான கேள்வி. அந்த இடத்தில் தான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பார்.

"என் வார்த்தைய நம்ப வேண்டாம்" என்றார். "ரெண்டாம் கேள்வி திருத்தற எனிஃபா காலையிலேர்ந்து நகல் எடுக்கப் போயிருக்காங்க. இங்க பேசினது எதுவும் அவங்களுக்குத் தெரியாது. அவங்க வந்ததும் ரெண்டு மூணு தாளோட சேத்து இதையும் குடுங்க. எதுக்குன்னு சொல்லாதீங்க. அவங்க போடறத எடுத்துக்கங்க."

எனிஃபா கலுவா நனைந்த குடையோடு வந்தார். மூன்று தாள் கொடுத்தார்கள். "ஏன் எல்லாரும் எழவு வீடு மாதிரி ஒக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். உட்கார்ந்து படித்தார். மூன்றாவது தாளில் ஒரு இடத்தில் நிறுத்தி, வாய்விட்டுச் சிரித்தார். "ஆயிரத்து எரநூத்து எழுபத்தஞ்சு கடலைய தின்னுருக்கே இந்தக் கழுதை!" என்றார். மதிப்பெண் எழுதி நீட்டினார். ஏழு.

கபிச்சி பலகையில் ஆறரையை அழித்தார். முப்பதரையை முப்பத்தொன்று ஆக்கினார். எழுபத்து மூன்றை மேலே ஏற்றி எழுதி, நூற்றுப் பதினெட்டுக்குக் கீழே இருந்த கோட்டை அழித்து, அதற்கு மேலே போட்டார். யாரோ ஒரு பிள்ளை கீழே இறங்கியது. அது யார் பிள்ளை என்று அந்த நேரம் யாருக்கும் தெரியாது.

பிறகு அவர் பதிவேட்டைத் திறந்து, நிதானமாக நாலு வரி எழுதி, டோரிகா பக்கம் திருப்பி வைத்தார். "கையெழுத்துப் போடுங்க டீச்சர்."

டோரிகா கையெழுத்துப் போடவில்லை. படித்தார். "நாலாம் கேள்வியின் முதல் திருத்துநர், எழுபத்து மூன்றாம் தாளுக்குத் தவறுதலாக ஆறு என எழுதியதைத் தாமே முன்வந்து..."

"இது சரியில்ல."

"எது?"

"தவறுதலாங்கறது. நான் தெரிஞ்சுதான் எழுதினேன். ஏழுன்னு தெரிஞ்சே ஆறு போட்டேன். வைசன் என்னப் பாத்து எழுதறாரான்னு கண்டுபிடிக்கப் போட்டேன்."

வைசன் தலையை நிமிர்த்தினார். இதுவரை யாருக்கும் காரணம் தெரியாது. கபிச்சி பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.

"டீச்சர், மார்க்கு மாறிடுச்சு. புள்ளைக்கு எடம் கெடச்சாச்சு. தவறுதலான்னு இருந்துட்டுப் போகட்டுமே. அடுத்த வருஷம் நீங்க இல்லாம இந்த நாலாம் கேள்விய யாரு..." என்று குரலைத் தாழ்த்தினார். "அந்த விதிய நீங்க படிக்காததா?"

"படிச்சிருக்கேன். தவறுதலான்னு எழுதினா, எனக்குக் கண்ணு தடுமாறுதுன்னு அர்த்தம். ஒண்ணுல தடுமாறினவ மத்த நூத்தி அறுபத்து ஒண்ணுலயும் தடுமாறியிருக்கலாம். நாளைக்கு நூத்திப் பதினெட்டோட ஸ்கூல்லேர்ந்து வந்து கேட்டா எல்லாத்தையும் மறுபடி திருத்தணும். தெரிஞ்சேன்னு எழுதுங்க. அப்ப இது ஒண்ணுதான்."

"தெரிஞ்சே ஒண்ணு போட்டவங்க இன்னொண்ணு போடலன்னு மட்டும் எப்படி நம்பறது?" என்றார் சிக்கும்பு. இந்த முறை குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

டோரிகா வைசனைப் பார்த்தார்.

"அவர் சீட்டெல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணையும் மூணு தடவ பாத்திருக்கார். அதோட வச்சுப் பாருங்க. என்னோடது நிக்குதுன்னா அவரோடத வச்சுத்தான் நிக்குது."

வைசனுக்குக் கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. மெல்லச் சொன்னார்: "நான் அவ்வளவு நேரம் ஓட்டையத் தேடினேன் டீச்சரம்மா. சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்" என்றார் டோரிகா.

கபிச்சி ஒரு சொல்லை அடித்து, மேலே 'தெரிந்தே' என்று எழுதினார். டோரிகா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலு வரியையும் முதலிலிருந்து மறுபடி படித்தார். தாளின் எண், கேள்வியின் எண், பழைய மதிப்பெண், புதிய மதிப்பெண், மூன்றாவது திருத்துநர் பெயர், நேரம். நேரம் பத்து ஐம்பது என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பத்து ஐம்பத்து இரண்டு என்று திருத்தச் சொன்னார். அடித்த சொல்லுக்குப் பக்கத்தில் தலைவரின் சிறு கையெழுத்து வேண்டும் என்றார். அதையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் தன் கையெழுத்தைப் போட்டார்.

பென்சிலையும் ரப்பரையும் கைப்பையில் போட்டுக்கொண்டார். குறிப்பேட்டை மேசைமேலேயே, திறந்தபடி, வைசன் பக்கம் திருப்பி வைத்தார். உறை பிரிக்கும்போது திருத்துநர் அல்லாதவர் கூடத்தில் இருக்கக் கூடாது. அதுவும் விதிதான். யாரும் சொல்லுமுன்னே கதவை நோக்கி நடந்தார்.